ஏழாம் காம்பராவுக்குக் கம்பி

எங்கள் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. முப்பத்தெட்டு வருடம் அரசாங்க லிகிதராக இருந்தவனுக்கு, ஒரு பெயரை எழுத்தில் போட்டால் எந்த மேசையிலிருந்து என்ன கடிதம் திரும்பி வரும் என்பது தெரியும். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பாதையில் உள்ள தோட்டங்களில் ஒன்று. அவ்வளவு போதும்.

பென்ஷன் எடுத்த பிறகு பதுளையில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, நான் பிறந்த லயத்துக்கே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கே, திரும்பினேன். மண் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் தங்கைக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவள் புருஷன் முன்பே போய்விட்டான். ஓர் ஆண், அதுவும் அண்ணன், செய்யக்கூடியது கொஞ்சம்தான். கஞ்சியை ஆற்றிக் கொடுக்கலாம், மாத்திரை நேரம் பார்க்கலாம், ரேடியோவைத் திருப்பலாம். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மற்றதெல்லாம் அவள் மகள்தான். எனக்கு மருமகள் முறை.

அந்தப் பெண் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். தூர தேசத்து வைத்தியர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, இங்கிலீஷில் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை. போனை ஜன்னல் விளிம்பில் ஒரு பிஸ்கட் டின் மூடிமேல் சாய்த்து வைத்தால் சிக்னல் கிடைக்கும். மூடுபனி இறங்கினால் போய்விடும். எங்கள் மலையில் மூடுபனி இறங்காத நாளை விரல்விட்டு எண்ணலாம். பாதியில் அறுந்த வைத்தியர்களால் அவளுக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. மூன்றாவதாக ஒரு கடிதம். மூன்று மாதத்துக்குள் ஃபைபர் கம்பி இணைப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் கொழும்பு ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் கொழும்புக்குப் போனால் தங்கையை யார் புரட்டுவது? வேலையை விட்டால் தங்கையின் மருந்துக்கு என்ன செய்வது? என் தங்கைக்குப் பேச்சு குழறும், காது நன்றாகக் கேட்கும். கடிதத்தை வாசித்தபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுக்கெல்லாமா மூஞ்ச திருப்புறது? மூணு மாசம் இருக்கு. படிவத்த இங்க குடு," என்றேன் மருமகளிடம்.

அவள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். விலாசம் கேட்ட இடத்தில், 'மேல்கணக்கு, கோயில் லயம், ஏழாம் காம்பரா, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"தண்ணித் தாங்கிக்கு கீழன்னு விலாசம் எழுதுறவ நீ ஒருத்திதான். இது படிவமா, கல்யாணப் பத்திரிகையா?"

"அப்படிச் சொன்னாதான மாமா ஆளுங்களுக்கு இடம் தெரியும்?"

"தபால் விலாசம்னு கேட்டிருக்கான். தபால் எங்க வருது? தோட்டத்து ஆபீசுக்கு. அப்ப அதுதான் விலாசம்."

அவள் எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையொப்பமிடச் செய்து, முறைப்படி தோட்டத்தின் பெயரையும் பதுளையையும் எழுதினேன். லயத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேருடைய அடையாள அட்டையிலும் அந்த விலாசம்தான் இருக்கிறது. பிழை சொல்ல யாராலும் முடியாது.

லயத்தில் மற்றவர்களும் விஷயம் கேட்டு வந்தார்கள். பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும், படிவம் மட்டும் தெரியாமல் போகுமா? முதலாம் காம்பராவில் இருப்பவள் கொழுந்து பறிப்பவள், ஐம்பது தாண்டியவள். மகன் கட்டாரில். அவன் முகத்தைப் போனில் பார்க்க அவள் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏற வேண்டும். "அண்ணே, எனக்கும் ஒன்னு எழுதிப் போடுங்க," என்றாள்.

"மொதல்ல இது வரட்டும். வந்தா வழி தெறந்திரும், மத்ததெல்லாம் அது பின்னாலயே வரும்."

"வருமா?"

"வரும்னுதான சொல்றேன்."

முதல் மாதம் எதுவும் நடக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை. ஆனால் பெரிய பாதையில், ஆலைக்குக் கீழே உள்ள வளைவில், அரசாங்க ஃபைபர் திட்டத்துக்கென்று ஆறு மரக் கம்பங்கள் இறக்கப்பட்டுக் கிடந்தன. ஆலை வரை கம்பி வந்துவிட்டது. கடைசிக் கம்பத்தில் மிச்சக் கம்பி வளையமாகச் சுருட்டித் தொங்கியது. அங்கிருந்து எங்கள் லயத்துக்கு நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம்கூட ஆகாது. கம்பங்கள் படுத்துக் கிடக்க, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து பழகிவிட்டார்கள். நான் போகும்போதும் வரும்போதும் எண்ணினேன். யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் பொருள் நகராது என்பது என் அனுபவம்.

ஒரு நாள் ஐந்துதான் இருந்தது.

எனக்கு உடனே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மேல் சந்தேகம் வந்தது. அவர் புதிதாக மாட்டுக் கொட்டகை போட்டிருந்தார். கொட்டகையைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்தேன். மாடு என்னைப் பார்த்தது. கம்பம் அங்கே இல்லை. நான்கு நாள் கழித்து கோயில் திருவிழாவில், பந்தலின் நடுவில், கம்பம் நிமிர்ந்து நின்றது. மாவிலை கட்டி, சந்தனம் பூசியிருந்தார்கள்.

"இது அரசாங்கத் திட்டத்துச் சாமான்," என்றேன் தலைவரிடம்.

"சாமிக்குத்தான சார் நட்டோம். அவனுங்க எப்ப நடுவானுங்களோ, அதுவரைக்கும் சும்மாதான கெடக்கு?"

திருவிழா முடிந்ததும் அவர் கம்பத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். சந்தனத்தோடு. அவர் மேல் இருந்த சந்தேகத்தை நான் முழுதாக எடுத்துவிடவில்லை. அதை மற்றவர்களுக்கும் பங்கு வைத்தேன்.

இரண்டாம் மாத நடுவில் பதுளைக்கு இறங்கினேன். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பியது, பஜாரில் போட்டோகாப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. என்னோடு பல வருடப் பழக்கம். இலக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"சேர், இதுல கம்ப்ளீட் எண்டு காட்டுதே."

"என்ன கம்ப்ளீட்?"

"வேல முடிஞ்சிட்டுதாம். லைன் குடுத்தாச்சாம்."

"யாருக்கு?"

"அத அவங்களுக்கிட்டதான் கேக்கோணும். நான் காட்டுறதத்தான் செல்றேன். சேர், டீ ஒண்டு குடிச்சிட்டுப் போங்களே. மொகம் ஒரு மாதிரி ஈக்கி."

டீ குடிக்கவில்லை. நேராக, இணைப்புக் கொடுக்கும் டெலிபோன் கம்பெனியின் கருமபீடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் சிங்களத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினாள். மரியாதை அதிகமாக இருக்கும் இடத்தில் எனக்குத் தகவல் கிடைத்ததே இல்லை. உங்கள் தோட்டம் பூர்த்தியாகிவிட்டது, மகிழ்ச்சிதானே என்றாள். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். விண்ணப்பதாரர் நேரில் வந்தால் சொல்லலாம் என்றாள். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டுமென்றால் படுக்கையில் இருக்கும் தாயையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்றேன். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றாள்.

வீடு திரும்பியதும், திட்டத்தை மேற்பார்க்கும் அரசாங்கக் காரியாலயத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினேன். என் காலத்தில் அப்படி வந்த விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதியவனும் நான்தான். எப்படிக் கேட்டால் நழுவ முடியாதோ அப்படிக் கேட்டேன். பதினான்கு வேலை நாள் தவணை. சரியாகப் பதினான்காம் வேலை நாள் தேதியிட்டு, நான் கேட்டிருந்தபடி மின்னஞ்சலில், நானாவின் கடைக்குப் பதில் வந்தது. ஒரு காரியாலயம் தவணைக்குள் பதில் சொல்வதே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. 'குறித்த விலாசத்துக்கு இணைப்பு வழங்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரி.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. என் மருமகள் பெயருக்கு வந்த இணைப்பை இடையில் யாரோ எடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் அப்படி எடுக்கக்கூடியவர் இரண்டு பேர்தான். ஒருவர் தோட்ட மானேஜரான துரை, மற்றவர் ஆபீஸ் கிளாக்கர். மூன்று மாதத்தில் மிஞ்சியது நான்கு வாரம். அன்றைக்குக் காலையில்கூட மூடுபனியில் சிக்னல் அறுந்து, மருமகள் போனைக் கையில் தூக்கிக்கொண்டு மழைக்கோட்டோடு மேட்டில் நின்றாள்.

தோட்டத்து ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கிளாக்கர் மேசை மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. பச்சை வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக ஆலைப் பக்கம் போனது.

"இது யாருடையது?" என்றேன்.

கிளாக்கர் நல்ல பையன், நாற்பது வயதுப் பையன். என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். "ஆபீஸ் லைன் சார். போன வருசமே வந்துட்டு. ஏன் சார்?"

"போன வருசமா? ரசீது இருக்கா?"

இருந்தது. போன வருடத் தேதி, தோட்டக் கம்பெனியின் பெயர். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிழை எதுவும் கிடைக்கவில்லை.

"சார், நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு," என்று அவன் மேசை டிராயரை இழுத்தான். "உங்க மருமக பேருக்கு மூணு காயிதம் வந்து கெடக்கு. பெரட்டுல ரெண்டு மூணு நாள் பேரு கூப்பிட்டேன். யாரும் வரல."

தோட்டத்தில் தபால் கொடுப்பது அப்படித்தான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுப்பார்கள்.

"அவ தோட்டத்துல பேர் பதிஞ்சவ இல்லையே. பெரட்டுக்கு எப்படி வருவா?"

"அதத்தான் நானும் நெனச்சேன் சார்."

"நெனச்சிட்டு?"

"டிராயர்ல வச்சேன்."

மூன்று கடிதங்களும் ஒரே மாதிரி. இந்த விலாசத்தில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருப்பதால் விண்ணப்பம் பூர்த்தியானதாகக் கருதப்படுகிறது. விலாசம் வேறாக இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கவும். முதல் கடிதத்தின் பதினான்கு நாள் நான் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. இரண்டாவது, நான் மாட்டுக் கொட்டகையைச் சுற்றிய நாட்களில். மூன்றாவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

கடிதங்களை மருமகளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப கம்ப்யூட்டர் கணக்குல, இந்தத் தோட்டத்துல இருக்கிற அம்புட்டுப் பேரும் ஆபீசுக்குள்ளதான் குடியிருக்கோம்," என்றாள்.

"விலாசத்த நான் எழுதினேன்."

"தெரியும் மாமா. ஒரே கோட்டால அடிச்சீங்க."

படுக்கையில் இருந்து தங்கை ஏதோ சொன்னாள். குழறலில் எனக்கு விளங்கவில்லை. மருமகள் சிரித்ததால் அது எனக்குச் சாதகமானது இல்லை என்று மட்டும் தெரிந்தது.

இனி வேண்டியது இரண்டு. காம்பராவுக்குத் தனி விலாசம் உண்டு என்று கிராம உத்தியோகத்தரின் சான்று. அந்தக் காம்பராவுக்குக் கம்பி இழுப்பதில் தோட்டத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று துரையின் கடிதம். முதலாவது ஒரு நாள் வேலை. இரண்டாவதுதான் சிக்கல். லயத்துக் காம்பராவுக்கு எண் போட்டுக் கடிதம் கொடுத்தால், நாளைக்கு அதைக் காட்டி வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கேட்பார்கள் என்று தோட்டக் கம்பெனிகளுக்கு ஒரு பயம். அந்தப் பயத்தில்தான் நூற்றைம்பது வருடமாக எங்களுக்கு ஆபீஸ் விலாசம்.

துரை இளைஞர், சிங்களவர், தமிழ் சுமாராகப் பேசுவார். "ஐயா, லைட்டுக்கு வேணாம், தண்ணிக்கு வேணாம், இன்டர்நெட்டுக்கு மட்டும் நம்பர் வேணும். பிறகு வேற மாதிரி வாறதுதானே?" என்றார். என்னைப் போலவே சந்தேகப்படுகிற மனிதர். அதனால் அவரைப் பிடித்துப் போனது.

நான் வரைவைத் தயாராகவே கொண்டுபோயிருந்தேன். அதில் உரிமை என்ற சொல் இல்லை, வீடு என்ற சொல்கூட இல்லை. 'மேற்படி இடத்தில் தற்போது வசிப்பவர்' என்று மட்டும் இருந்தது. அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞராலும் ஒரு செங்கல்லைக்கூடக் கேட்க முடியாது. துரை இரண்டு முறை வாசித்தார்.

"எத்தனை காம்பரா?"

இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. பன்னிரண்டு என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு என்றால் கோப்பு கொழும்புத் தலைமை ஆபீசுக்குப் போகும், ஒன்று என்றால் அவர் மேசையிலேயே முடியும். எனக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"ஒன்னு," என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.

தவணைக்குப் பத்து நாள் இருக்கும்போது லொறி வந்தது. நான்கு பேர். கம்பங்களை நட்டார்கள், அதில் ஒன்றில் சந்தனம் இன்னும் போகவில்லை. கடைசிக் கம்பம் லயத்தின் தலைமாட்டில், முதலாம் காம்பராவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஏழாம் காம்பராவுக்கு ஒரே வழிதான். பின்னால் மண்மேடு, முன்னால் சரிவு. ஆறு காம்பராக்களின் கூரை விளிம்பில் ஆணி அடித்துக் கம்பியைக் கொண்டுவர வேண்டும். வேலையாள் ஏணியைச் சாத்தினான்.

முதலாம் காம்பராக்காரி வெளியே வந்தாள். அன்றைக்கு அரைநாள் வேலை. கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"ஏணிய எடுங்க தம்பி. இது எங்க எறவாணம்."

"அம்மா, கம்பி மட்டுந்தான் போகும். ஒன்னும் ஆகாது."

"கம்பி எங்க போகுது?"

அவன் ஏழாம் காம்பராவைக் காட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எனக்கு?"

"உங்க பேர்ல ஒன்னும் வரலியேம்மா," என்றான் வேலையாள்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" அவள் குரலை உயர்த்தியதும் ஆறு கதவும் திறந்தன. "மொதல்ல இது வரட்டும், வழி தெறக்கும்னு சொன்னாரு. வழி எங்க கூரை மேல, போறது அவுங்க வீட்டுக்கு. தொரைக்கிட்ட போயி ஒத்த வீட்டுக்கு மட்டும் எழுதி வாங்கிட்டு வந்திருக்காரு. கிளாக்கர் சொல்லிட்டான், தெரியாதுன்னு நெனைக்காதீங்க அண்ணே."

"நேரம் இல்லாமப் போச்சு. பன்னிரண்டும் கேட்டிருந்தா..."

"எங்களக் கேட்டீங்களா? சொந்தத்துக்கு மட்டும் கம்பி இழுக்குறது நம்ம தலைவருங்க வேலைன்னு இருந்தேன். படிச்சவுகளும் அப்படித்தான்."

மூன்று மாதமாகத் தோட்டம் முழுவதும் நான் தேடித் திரிந்த திருட்டுக்கும் நான் செய்ததற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேலையாட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னும் அரை மணி நேரம்தான், இன்றைக்குப் போனால் திரும்ப எப்போது வருவோம் என்று தெரியாது என்றான் மேற்பார்வையாளன்.

மருமகள் வெளியே வந்தாள். கையில் அச்சடித்த வெற்றுப் படிவங்கள். எத்தனை நாளாக வைத்திருந்தாளோ, என்னிடம் சொல்லவில்லை.

"அத்தே, உங்க படிவத்த இப்பவே மாமா எழுதுவாரு. இங்கயே, எல்லாரும் பாக்க."

"எழுதி?"

"தொரைக்கிட்ட நானே கொண்டுபோறேன். மத்தப் பதினொன்னையும்."

"ஒனக்குத்தான் கெடச்சிருச்சே. நீ ஏன் போற?"

"கம்பி உங்க எறவாணத்துல கெடக்குதே. கோவம் வந்தா நீங்க ஒரு கத்தி எடுத்தாப் போதும், எனக்கு வேல போயிரும்."

முதலாம் காம்பராக்காரி கூடையை இறக்கி வைத்தாள். மருமகளை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் கத்தியின் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். விலாசம் கேட்ட இடத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்றாள், நானாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. 'கோயில் லயம், முதலாம் காம்பரா, புதுசா நட்ட கம்பத்துக்குப் பக்கத்தில்.' எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். பிறகு படிவத்தை வாங்கி மருமகளிடம் கொடுத்து, "நீ வாசி," என்றாள். மருமகள் வாசித்ததும் நான் வாசித்ததும் ஒன்றுதானா என்று அவள் மனதுக்குள் ஒத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். ஏணிக்கு வழிவிட்டாள்.

ஏழாம் காம்பராவில் இப்போது பச்சை வெளிச்சம் எரிகிறது. மூடுபனி இறங்கினாலும் வைத்தியர்கள் அறுந்து போவதில்லை. மருமகள் கொழும்புக்குப் போகவில்லை. வேலைக்கு நடுவில் எழுந்து தாயைப் புரட்டிவிட்டு வந்து மறுபடி உட்காருகிறாள். மற்றப் பதினொரு படிவமும் துரையின் கடிதத்துக்காகக் கொழும்புத் தலைமை ஆபீசில் இருக்கின்றன. இருக்கின்றன என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் வந்தால் டிராயருக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத் தினமும் காலையில் நானே பெரட்டுக் களத்துக்குப் போகிறேன். கிளாக்கர் பெயர்களைக் கூப்பிட்டு முடியும்வரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நிற்பேன். அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள். முதலாம் காம்பராக்காரி கூடையை மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போவாள்.

"ஏதும் வந்துச்சா அண்ணே?"

"இன்னும் இல்ல. வந்தா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்."

"ம்," என்பாள். ஆனால் நேராக மலைக்கு ஏறமாட்டாள். கிளாக்கர் மேசைக்குப் போய், மிச்சமிருக்கும் கடிதக் கட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தானே பார்த்துவிட்டுத்தான் போவாள்.